ஹின்ரிக்ஸ் வீட்டு முன்கூடம்

எங்கள் ஊரில் யார் தோட்டத்தில் மண்வெட்டி போட்டாலும் முதலில் தட்டுப்படுவது சிப்பி ஓடுதான். வட்டம் வட்டமாகத் துளைத்தெடுத்த ஓடுகள். துளைத்தெடுத்த வில்லைகள் சட்டைப் பொத்தான்களாகி நாடெல்லாம் போய்விட்டன. ஓடுகள் எங்களோடு தங்கிவிட்டன. மிசிசிப்பிக் கரையில் டோலன் லேண்டிங் என்று ஓர் ஊர் இருப்பது அயோவாக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஊர்ப் பொத்தான் இல்லாத சட்டையே ஒருகாலத்தில் கிடையாது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

பிளாஸ்டிக் பொத்தான் வந்து பட்டறைகள் மூடிய பிறகு மிஞ்சியது ஆறும், மேட்டுத் தெருவில் வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகளும்தான். படகுக் கேப்டன்களும் மர வியாபாரிகளும் கட்டிய வீடுகள். அவற்றைக் காட்டித்தான் எங்கள் வரலாற்றுச் சங்கம் வருடா வருடம் நிதி திரட்டியது. அக்டோபர் முதல் சனிக்கிழமை, நூலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, காலணிக்கு மேல் துணி உறை மாட்டிக்கொண்டு ஜனங்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். டேவன்போர்ட்டிலிருந்தும் டுபியூக்கிலிருந்தும் வருவார்கள். உள்ளூர்க்காரர்களும் விடமாட்டோம். அடுத்தவர் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் கௌரவமான சாக்கு அது.

எண்பத்தெட்டாம் வருடம் சங்கத்தின் அருங்காட்சியகக் கூரை ஒழுகியது. மழை பெய்தால் பழைய பொத்தான் வெட்டும் இயந்திரங்களின் மேல் வாளி வைக்க வேண்டியிருந்தது. அதனால் அந்த முறை கூட்டம் சேர்க்க, அதுவரை யாருக்கும் திறக்காத ஹின்ரிக்ஸ் வீட்டையும் சேர்த்தார்கள்.

அந்த வீட்டில் டெல்மர் ஹின்ரிக்ஸும் அவர் மனைவி வெர்னாவும் இருந்தார்கள். டெல்மரின் அப்பா ஓட்டோ சின்னதாகப் பொத்தான் வெட்டும் பட்டறை வைத்திருந்தவர். அதைக் கட்டிய கேப்டன் குடும்பம் நொடித்தபோது வீட்டை வாங்கினார். டெல்மர் ஆற்று அணையில் வேலை பார்த்தார். சரக்குப் படகுகள் வரும்போது மதகைத் திறந்து, தண்ணீரை ஏற்றி இறக்கி, கயிறு வாங்கிக் கட்டி அனுப்புகிற வேலை. பனியிலும் வெயிலிலும் நின்று நின்று முகம் செங்கல் நிறமாகவே ஆகிவிட்டது. வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தார். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள். உருளைக்கிழங்கு மசியலைக் கரண்டியில் அள்ளி, நடுவில் ஒரு குழி செய்து, அதில் குழம்பை ஊற்றித் தருவார். வேறு எவருக்கும் அந்தக் குழி சரியாக விழாது.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் சங்கத் தலைவி மார்ஜோரி, எங்கள் டாக்டரின் மனைவி, வெர்னாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். வெர்னா தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தார்.

"வெர்னா, போஸ்டரே அடிச்சாச்சு. நீங்க இப்ப மாட்டேன்னு சொல்லிடாதீங்க. உங்க வீடு இல்லைன்னா பாதிப் பேர் வர மாட்டாங்க."

"டெல்மர் வாக்கு குடுத்தது ரெண்டு வருஷம் முன்னாடிங்க."

"வாக்கு வாக்குதானே? அவரையே கேளுங்களேன். எங்க அவரு? வர்றப்ப கொல்லையில யாரோ நின்ன மாதிரி இருந்துச்சே."

"முள்ளங்கிப் பாத்தி பாக்கறாரு," என்றார் வெர்னா. டெல்மர் கொல்லையில் காலிப் பாத்தியின் பக்கத்தில் தோட்டக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை. அவர் அதைத் திறக்கவில்லை. காலையிலிருந்து அப்படித்தான் நின்றார்.

வெர்னா மார்ஜோரியின் நாற்காலியைப் பார்த்தார். அது ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தது. "சரி, திறக்கறேன். மாடிக்கு மட்டும் யாரும் போகக்கூடாது."

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகத்தான் சரி என்றதாகப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

டெல்மருக்கு மறதி ஆரம்பித்து அப்போது ஒன்றரை வருடம் இருக்கும். முதலில் சாவி, பிறகு பெயர்கள், பிறகு வழி. ஊரில் அது வெண்டலுக்கு மட்டும் தெரியும். வெண்டல் அணையில் டெல்மரோடு எதிர்க்கரை மதகில் நின்றவர். மற்றவர்களுக்கு, டெல்மருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வெர்னா சொல்லிவைத்திருந்தார். தேவாலயத்தில் யாராவது ஏதாவது கேட்டால், அவருக்குப் பதில் தானே முந்திக்கொண்டு பேசிவிடுவார். வெர்னா வாயாடி ஆகிவிட்டார் என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம்.

வீட்டுக்குள் வெர்னா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த அட்டைகளில் பெரிய எழுத்தில் எழுதி எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தார். 'கழிவறை இந்தப் பக்கம்.' 'நிலவறைக் கதவு, திறக்காதே.' 'அடுப்பை வெர்னா பார்த்துக்கொள்வாள்.' 'வெர்னா கடைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள்.' டெல்மர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார். படிப்பு அவரை விட்டுப் போகவில்லை.

மகள் ஜோலீன் சிகாகோவிலிருந்து ஞாயிறு தோறும் ஃபோன் செய்வாள்.

"அம்மா, அப்பாகிட்ட குடு."

"தூங்கறாருடி."

"போன வாரமும் தூங்கினாரு. நீ என்கிட்ட எதையோ மறைக்கிற. வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்களேன். அவ்வளவு பெரிய வீட்டை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"பெருக்கறோம்," என்றார் வெர்னா.

செப்டம்பர் முழுக்க அவர் தனியாகவே வீட்டைத் தயார் செய்தார். ஜன்னல்களை வினிகர் தொட்டுச் செய்தித்தாளால் துடைத்தார். படிக்கட்டின் கைப்பிடிக்கு எண்ணெய் தேய்த்தார். திரைச்சீலைகளை இறக்கித் துவைத்து, கொல்லையில் இரண்டு மரங்களுக்கு இடையே கட்டி உலர்த்தினார். டெல்மரும் கூடவே துணியை வைத்துக்கொண்டு துடைப்பார். துடைத்த இடத்தையே துடைப்பார். மரப்பலகை அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"யாரு வர்றாங்க?" என்று கேட்பார்.

"வீடு பாக்க வர்றாங்க டெல்மர். சங்கத்துக் கூரைக்காக."

"நம்ம கூரைக்கு என்ன?"

"நம்ம கூரைக்கு ஒண்ணுமில்லை. போன கோடையிலதான் நீயும் வெண்டலும் போட்டீங்க."

"வெண்டல் கூரை போடுவானா? அவனுக்கு ஏணின்னாலே வயித்தைக் கலக்குமே."

"அதான் நீ மேல நின்னே, அவன் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டே உன்னைத் திட்டினான்."

அதற்கு டெல்மர் வாய்விட்டுச் சிரிப்பார். ஒரு நிமிடம் பழைய மனிதர் வந்து நிற்பார். பிறகு, "யாரு வர்றாங்க?" என்பார்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை வெர்னா சீக்கிரமே எழுந்து அட்டைகளை எல்லாம் கழற்றினார். ஒட்டிய பசையின் தடத்தை வெந்நீர்த் துணியால் சுரண்டினார். எல்லாவற்றையும் மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினார். காப்பி குடித்துவிட்டு எழுந்த டெல்மர் கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். சுவரில் எழுத்து இல்லை. கையைத் தொங்கப்போட்டபடி அப்படியே நின்றார்.

வெண்டல் கொல்லைப் பக்கமாக வந்தார்.

"டேய் டெல்மர், கிளம்புடா. கெளுத்தி மீனெல்லாம் உன்னைக் கேட்டுக்கிட்டு இருக்கு."

"எங்க?"

"எங்கயா? கேக்கறான் பாரு. நீ எப்பவும் மீனை விட்டுட்டுச் செருப்பைப் பிடிப்பியே, அந்த மடுவுக்குத்தான்."

"செருப்பு பிடிச்சது நீ," என்றார் டெல்மர், தொப்பியை எடுத்துக்கொண்டே.

வெர்னா பன்றி இறைச்சி சாண்ட்விச்சுகளைத் தாளில் சுற்றி வெண்டலிடம் கொடுத்தார். "சாயங்காலம் வரைக்கும் கூட்டிட்டு வராத வெண்டல். கெஞ்சிக் கேக்கறேன்."

"நீ கவலைப்படாத. இருட்டற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அவர்கள் போன பிறகு சங்கத்துப் பெண்கள் வந்தார்கள். முன்கூடத்தில் ஜன்னல்களுக்கு நடுவே இரண்டு பெரிய ஜாடிகளில் வெள்ளைச் செவ்வந்தி வைத்தார்கள். வயதானவர்கள் உட்காரச் சுவரோரம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். சமையலறையில் கிராம்பு போட்டு ஆப்பிள் சாறைச் சுட வைத்தார்கள். பிறகு மார்ஜோரி தட்டச்சு செய்த அட்டைகளை ஆங்காங்கே வைத்தார். 'கறுப்பு வால்நட் மரப் படிக்கட்டு, 1871.' முன்கூடத்து அட்டையில், 'அக்காலக் குடும்பங்களின் திருமணங்கள் இந்த அறையில் நடந்தன. இறந்தவரைக் கிடத்தி, துக்கம் விசாரிக்க வருவோரை வரவேற்றதும் இங்கேதான்' என்று இருந்தது.

நான் சங்கத்துத் தொண்டன். படிக்கட்டின் அடியில் சிவப்புக் கயிறு கட்டி, யாரும் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தியிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். கிசுகிசுவென்று பேசியபடி, ஒருவர் பின் ஒருவராக, முன்கூடத்தைச் சுற்றி, சாப்பாட்டு அறை வழியாகச் சமையலறைக்குப் போனார்கள். வெர்னா நீலக் கவுன் போட்டுக்கொண்டு பிஸ்கட் தட்டை ஏந்தி நின்றார். பல நாளுக்குப் பிறகு அவர் முகம் தளர்ந்து, சிரிப்பு வந்திருந்தது. யாரோ விளக்கைப் பற்றிக் கேட்டதற்கு நீளமாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. ஆற்றின் அக்கரையிலிருந்து இல்லினாய் மலைகளை மறைத்துக்கொண்டு சுவர் மாதிரி வந்தது.

கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவு திறந்து வெண்டல் நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் கொட்டியது. பின்னால் தொப்பலாக நனைந்த டெல்மர்.

"மின்னல் வெட்டுது வெர்னா. படகுல வச்சிருக்க முடியலை. ட்ரக்குல உக்காருடான்னா உக்கார மாட்டேங்கறான். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு கதவைத் திறந்துகிட்டு இறங்கறான்."

"பின்படி வழியா மேல கூட்டிட்டுப் போ," என்றார் வெர்னா தணிந்த குரலில். "காஞ்ச துணி மாத்தச் சொல்லு. கீழ இறங்க விடாத."

வெண்டல் கூட்டிப்போனார். டெல்மர் உடை மாற்றுவதாகச் சொன்னார். வெண்டல் தன் தலையைத் துவட்டத் துண்டு தேடிப் பக்கத்து அறைக்குப் போனார். அவ்வளவுதான்.

எனக்கு முதுகுப் பக்கம் படி கிரீச்சிட்டது. திரும்பினேன். டெல்மர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. முடிச்சு அச்சடித்த மாதிரி இருந்தது. ஈரத் தலையைப் படிய வாரியிருந்தார். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவர் வீடு, அவர் இறங்குகிறார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அவர் முன்கூடத்துக்குள் போனார். அட்டையைக் கையில் எடுத்து உதடு அசையப் படித்தார். வெள்ளைப் பூக்களைப் பார்த்தார். சுவரோரத்து நாற்காலிகளைப் பார்த்தார். மெல்லிய குரலில் பேசிக்கொண்டு வாசலிலிருந்து வரும் ஜனங்களைப் பார்த்தார். பிறகு அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பூக்களின் பக்கத்தில் போய்க் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

முதலில் வந்தது டேவன்போர்ட் தம்பதி. ஒரே மாதிரி மழைக்கோட்டு போட்டிருந்தார்கள். டெல்மர் இரண்டு கைகளாலும் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. இந்த மழையில வேற."

"அதனால என்னங்க. அழகான வீடு."

"அப்பாவுக்கு இந்த வீடுன்னா உசுரு. அவரோட உங்களுக்கு எப்படிப் பழக்கம்? பட்டறையிலயா?"

அந்த ஆள் விழித்தார். மனைவி அவர் முழங்கையை இடித்து, "நடிக்கிறாருங்க. சங்கத்துல ஏற்பாடு பண்ணியிருக்காங்க. அட்டையில போட்டிருக்கே, பாக்கலையா? நீங்களும் சேர்ந்து பேசுங்க" என்றாள்.

"ஓ! ஆமாங்க, பட்டறையிலதான்," என்றார் அவர். "உங்கப்பா ரொம்ப நல்ல மனுஷன்."

டெல்மரின் கண் நிறைந்துவிட்டது. "அதைச் சொன்னீங்களே," என்றார்.

பேச்சு பின்னால் பரவியது. சாவு வீட்டுக் காட்சி போட்டிருக்கிறார்கள், மகனாக நடிக்கிற பெரியவர் அசத்துகிறார் என்று. பார்த்துவிட்டுப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். மார்ஜோரி இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு வெர்னாவிடம் ஓடினார்.

"வெர்னா! சொல்லவே இல்லையே நீங்க! டெல்மருக்கு இப்படி நடிக்க வருமா?"

வெர்னா சாப்பாட்டு அறை வாசலில் தட்டோடு நின்றார். எங்கள் ஊருக்கே டெல்மரின் நிலை தெரியாமல் அந்த நாளைக் கடத்திவிட ஒரு வழி தானாகவே வந்து நின்றது. ஆமாம், நடிப்புதான் என்று சொல்லிவிட்டால் போதும். அவர் வாயும் திறந்தது. அதற்குள் முன்கூடத்தில் டெல்மரின் குரல் உயர்ந்தது.

"அப்பா எங்க?"

அவர் பூ ஜாடிகளுக்கு நடுவே இருந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி எங்க? இங்கதானே வச்சிருப்பாங்க. எடுத்துட்டாங்களா? நான் பாக்கலையே. நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களா?"

நாற்காலியில் இருந்த யாரோ கை தட்டினார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். டெல்மர் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். சாவு வீட்டில் ஏன் கை தட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் என்ன தப்பு செய்தோம் என்று கேட்கிற பார்வை.

தட்டு மேசையில் மோதிய சத்தம் கேட்டது. வெர்னா உள்ளே வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"கை தட்டாதீங்க. தயவு செஞ்சு தட்டாதீங்க. இது நடிப்பு இல்லை." டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. மறதி. ரொம்ப நாளா. நான்தான் யார்கிட்டயும் சொல்லலை. அவங்கப்பா செத்தப்ப இவரு இத்தாலியில, சண்டையில இருந்தாரு. சேதி இவருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள கல்லறையில புல்லே முளைச்சிடுச்சு. இந்த ரூம்லதான் வச்சிருந்தாங்க. இவரு பாக்கலை. இப்ப வந்துட்டதா நினைக்கறாரு."

டேவன்போர்ட் ஆள் தொப்பியைக் கழற்றினார்.

மார்ஜோரி மெதுவாக, "வெர்னா, கதவைச் சாத்திடலாம். எல்லாரையும் அனுப்பிடறேன்" என்றார்.

வெர்னா பதில் சொல்வதற்குள் சுவரோரத்து நாற்காலியிலிருந்து ஊன்றுகோல் தரையில் தட்டியது. எல்டோரா ப்ரூஸ். எண்பதைத் தாண்டியவர், முதியோர் இல்லத்து வேனில் வந்திருந்தார். இளவயதில் ஓட்டோவின் பட்டறையில் பொத்தான்களை அட்டையில் வைத்துத் தைத்தவர்.

"டெல்மர், இங்க வந்து உக்காரு."

டெல்மர் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னைத் தெரியுதா?"

"இல்லைங்க. மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லை. எனக்கே கண்ணாடியில என்னைத் தெரியறதில்லை. நான் அன்னைக்கு இங்க இருந்தேன் டெல்மர். உங்கப்பாவை எடுத்தாச்சு. நல்லபடியா எடுத்தோம்."

"எடுத்தாச்சா?"

"ஆச்சு. ஜூலை மாசம், சரியான புழுக்கம். ஐஸ் வண்டிக்காரன் காசே வாங்காம தொட்டி தொட்டியா ஐஸ் கொண்டாந்து பெட்டிக்கடியில வச்சான். உங்கம்மா இதோ, இந்த ஜன்னலைத் திறந்து வச்சாங்க. ஆத்துக் காத்து வரணும்னு. பட்டறை மதியமே மூடிட்டோம். வெட்டற ஆளுங்கல்லாம் நேரா வந்துட்டாங்க, முடி, புருவம் எல்லாம் சிப்பித் தூளு. வெள்ளை வெளேர்னு. உங்கம்மா, கொல்லையில போய்க் கழுவிட்டு வாங்கடான்னாங்க. அப்புறம் அவங்களே, வேணாம், அப்படியே வாங்க, அவருக்கு அந்த மூஞ்சிதான் தெரியும்னாங்க."

டெல்மர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு பாடினாங்களா?"

"பாடினோம். ஜெர்மன்ல. சண்டைக் காலம், வெளியில ஜெர்மன் பேசினாலே முறைப்பாங்க. அன்னைக்கு ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டே பாடினோம். எவன் என்ன சொல்வான்?"

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

எல்டோரா கொஞ்சம் யோசித்தார். "பொய் சொல்ல மாட்டேன். அவரு பொட்டுனு போனவரு, மிஷின் முன்னால. ஒண்ணும் கேக்க நேரமில்லை. ஆனா அவரு போன அன்னைக்குக் காலையில வந்ததும் வராததுமா உன் பேச்சுதான். நீ கழுதை மேல உக்காந்து போட்டோ அனுப்பியிருந்தியே, அதை எல்லாருக்கும் காட்டிக்கிட்டு வந்தாரு. ரெண்டு கழுதைல எது என் பையன், சொல்லுங்கடான்னு."

டெல்மர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். "என்னால வர முடியலை," என்றார்.

"தெரியும்டா ராசா. ஊருக்கே தெரியும்."

வெர்னா மார்ஜோரியின் பக்கம் திரும்பி, "கதவைச் சாத்த வேணாம். வரட்டும். அவருக்கு ஆளுங்க வர்றது பிடிச்சிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு என்னை வாசலுக்கு அனுப்பினார்கள். வருகிறவர்களிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். சிலர் சங்கடப்பட்டுத் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் உள்ளே போய் வரிசையில் நின்றார்கள். வெளியூர்க்காரர்கள் டெல்மரின் கையைப் பிடித்து, "வருத்தமா இருக்குங்க" என்று மட்டும் சொன்னார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஓட்டோ சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது, வெள்ளத்தில் படகு அனுப்பியது, சீட்டாட்டத்தில் ஏமாற்றியது. ஏமாற்றியதைச் சொன்னவரிடம் டெல்மர், "இருக்காதே, அவரு ஆடத் தெரியாம ஆடுவாரு, அவ்வளவுதான்" என்று சண்டைக்குப் போனார். மாடியிலிருந்து முகம் வெளுத்து ஓடிவந்த வெண்டல், அந்த மத்தியானம் முழுக்க டெல்மரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

ஊரில் ஃபோன்கள் அடித்திருக்க வேண்டும். நாலு மணிக்கு மேல் வந்தவர்கள் கையில் சீட்டு இல்லை. மூடி போட்ட பாத்திரம் இருந்தது. பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், கோழிச் சோறு, சாக்லேட் கேக். சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற அதே பாத்திரங்கள், அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியவை. சமையலறை மேசை நிறைந்து, அடுப்பு மேடை நிறைந்து, கடைசியில் நிலவறைப் படியில்கூட வைத்தார்கள். வெர்னா ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டே, "எதுக்கு இதெல்லாம்? யாரும் சாகலையே" என்றார்.

"அதனால என்ன? சூடா சாப்பிடுங்க," என்றாள் பேக்கரிக்காரரின் மனைவி. "இனிமே புதன்கிழமை நான் வந்து டெல்மரோட உக்காந்துக்கறேன். நீங்க எங்கயாவது போயிட்டு வாங்க. தலைமுடி வெட்டிக்கங்க. பாக்கச் சகிக்கலை."

"செவ்வாய் என்னோடது," என்றார் வெண்டல். "மழை பெஞ்சாலும்."

மார்ஜோரி அன்று வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தார். "நான் உங்க எதுக்கத்தான் உக்காந்திருந்தேன் வெர்னா, ஆகஸ்ட்ல," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவரை வேற மாதிரி பாப்பீங்கன்னு நினைச்சேன்."

மார்ஜோரி தேய்த்த கோப்பையையே இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தார்.

இருட்டுகிற நேரத்தில் மழை விட்டது. வந்தவர்களில் கடைசி ஆள் போனதும் வெர்னா தாழ்வாரத்து ஃபோனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல், சிகாகோவுக்குச் சுழற்றினார். அவர் பேசியது எனக்கும் வெண்டலுக்கும் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை, "இல்லைடி, விக்கப் போறதில்லை. இப்ப இல்லை" என்றது மட்டும் கேட்டது.

திரும்பி வந்து முன்கூடத்தில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் போய் எடுத்தேன்; விடவில்லை. குனிந்து, கீழே சிந்தியிருந்த செவ்வந்தி இதழ்களைப் பொறுக்கினார். டெல்மர் சமையலறையிலிருந்து ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். தட்டில் ஒரு சாண்ட்விச்சும், உருளைக்கிழங்கும், கேக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சூட்டின் கையில் குழம்பு பட்டிருந்தது.

"உக்காருங்கம்மா," என்றார் அவர்.

வெர்னா நிமிர்ந்து பார்த்தார். கல்யாணம் ஆன நாள் முதல் டெல்மர் அவரை நீ, வா, போ என்றுதான் அழைத்திருக்கிறார்.

"காலையிலேருந்து பாக்கறேன், நீங்க உக்காரவே இல்லை. எல்லாருக்கும் குடுக்கறீங்க, கழுவறீங்க, துடைக்கறீங்க. ஒரு வாய் சாப்பிட்ட மாதிரி தெரியலை. நீங்க எங்களுக்குச் சொந்தமா?"

வெர்னா கையிலிருந்த இதழ்களைக் கவுன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "சொந்தம்தான்."

"அதான் பாத்தேன். உக்காருங்க." நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். வெர்னா உட்காரும் வரை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். தட்டை அவர் மடியில் வைத்தார். பிறகு பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

"எங்கப்பாவைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க. நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே அவரு போயிட்டாரு."

டெல்மர் தலையை ஆட்டினார். வருத்தமான ஒரு விஷயத்தைக் கேட்டதுபோல முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"இருந்திருக்கணும்," என்றார். "அவருக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கும்."

வெர்னா காலணியைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களை நீட்டி வைத்துக்கொண்டு, தட்டிலிருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.